அமலியைக் கூப்பிட்ட அவுட்டோர்

முதலில் சத்தந்தான் வந்தது, ஆள் யாரும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், விளையாடப்போன பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடுகிற குரல் எப்படி இருக்குமோ அப்படி, தொண்டைக்குள்ளேயே கொஞ்சநேரம் புரண்டு, பிறகு உதட்டைத் தாண்டி, ஓட்டுக்கூரைகளுக்கு மேலே நீளமாக இழுபட்டு, "அமலீ..." என்று ஒரு குரல் பல் ஆஸ்பத்திரியின் பின்சந்தில் கிளம்பியது. எண்ணெய் காய்வதற்காகக் காத்திருந்த வடைக்கடை மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். சந்தில் ஒரு நாய் படுத்திருந்தது, எதிரே காதர்மைதீன் தன் தையல் மிஷினில் குனிந்திருந்தார். குரல் சற்று ஓய்ந்தது, மறுபடியும் கிளம்பியது. யாரோ கூப்பிடுகிறார்கள், பிள்ளை இன்னும் வரவில்லை, அவ்வளவுதானே என்று அவள் முதல் வடையைத் தட்டி எண்ணெய்க்குள் நழுவவிட்டாள்.

வடை சிவந்தது, அடுத்த ஈடும் சிவந்தது, குரல் நிற்கவில்லை. கரண்டியோடு எழுந்துபோய்ப் பார்த்தபோதுதான், ஆஸ்பத்திரியின் பின்சுவரில் இரும்புத் தாங்கியின் மேல் அன்றைக்குப் புதிதாக உட்கார்ந்திருந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து, ஏசியின் அவுட்டோர் என்று சொல்கிறார்களே அதிலிருந்து, சுழலும் விசிறி தள்ளிவிடும் சுடுகாற்றோடு அந்தப் பெயர் வந்துகொண்டிருந்தது தெரிந்தது.

"ஏ காதரு, இந்த டப்பா அமலியக் கூப்பிடுதுடே" என்றாள்.

காதர்மைதீன் பல்லில் கவ்வியிருந்த நூலை எடுத்துவிட்டு, "ஆமாக்கா, போட்டதுல இருந்து கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கு. அந்தப் பிள்ளை எங்க போச்சோ" என்றார். பிறகு காஜா எடுப்பதைத் தொடர்ந்தார்.

அந்தப் பெட்டியை மாட்டியவள் ஜெசிந்தா. நாற்பதைத் தாண்டியவள், தூத்துக்குடியில் இறால் உரிக்கிற கம்பெனியில் பல வருஷம் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு விரல்நுனிகள் மரத்துப்போனவள். கோயில் பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'முத்துக்குளிர் ஏர்கண்டிஷன் சர்வீஸ்' என்ற கம்பெனி ஏசி வேலை பழக ஆள் எடுப்பதாகவும், பழகும்போதே சம்பளம் உண்டு என்றும், வயசு தடையில்லை, பெண்களும் வரலாம் என்றும் அறிவிப்பு வாசித்தார்கள். மறுநாள் காலையில் ஜெசிந்தா அந்தக் கம்பெனி வாசலில் நின்றாள். எதற்காக வந்தாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டில் சத்தமில்லாமல் போனதுதான் காரணம்.

அவளுக்கும் தொபியாஸுக்கும் ஒரே மகள், அமலி. கோயில் மண்டபத்துக்கு டைல்ஸ் ஒட்ட சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த கோமதிநாயகம் என்ற பையனோடு, மண்டபத்து வேலை முடிந்த கையோடு, அவள் போய்விட்டாள். தொபியாஸ் விசைப்படகில் டிரைவர். அன்றைக்குக் கடலிலிருந்து வந்தவர் மீன் கூடையைக்கூட இறக்கிவைக்காமல் வாசல்படியில் நின்று மாதா சத்தியமாக, "இனிமே இந்த வீட்டுல அந்தப் பேரு வரப்படாது" என்றார். வரவில்லை. ஆனால் பெயர் மட்டும் தனியாகப் போகவில்லை, போகும்போது தன்னோடு பழகின சொற்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனது. முதலில் சிரிப்பு போனது, பிறகு சண்டை போனது, பிறகு குழம்பில் உப்புக் குறைகிறது, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்கிற சின்னச் சின்னப் பேச்சுகளும் போய், கடைசியில் புருசனும் பெண்டாட்டியும் தட்டைத் தள்ளுகிற ஓசையிலும் கதவைச் சாத்துகிற ஓசையிலும் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

கம்பெனியில் அவளை இசக்கிராஜா என்ற டெக்னீசியனோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள். அவன் அவளைவிட ரொம்ப இளையவன், வாய் ஓயாதவன், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டால் பாட்டும் சேர்ந்து வந்துவிடும். முதல் நாளே அவளுக்கு ஒரு விஷயம் சொன்னான்.

"எக்கா, குளிருன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது பாத்துக்கிடுங்க. நாம குளிரு விக்கல. ரூமுக்குள்ள கெடக்குற சூட்டை அள்ளி வெளிய கொட்டுதோம். அவ்வளவுதான் நம்ம தொழிலு."

"வெளியன்னா எங்க?"

"சந்துல போறவன் தலையில."

அவன் சிரித்தான். ஜெசிந்தா சிரிக்கவில்லை. உள்ளே கிடக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்ட ஒரு வழி உண்டு, அதற்கென்று ஒரு குழாய் உண்டு, ஒரு விசிறி உண்டு, இதையெல்லாம் காசு கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள் என்பதை அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

பல் ஆஸ்பத்திரி ஏசிதான் அவள் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தன் கையாலேயே மாட்டிய முதல் ஏசி. சுவரில் துளை போட்டாள், தாங்கியை மட்டம் பார்த்து முடுக்கினாள், செம்புக் குழாயை நசுங்காமல் வளைத்தாள், அதன் வாயைப் பூப்போல விரித்து நட்டுக்குள் உட்காரவைத்தாள். குழாய்களை மாட்டி முடித்த பிறகு, கேஸைத் திறந்துவிடுவதற்கு முன்னால், வேக்கம் பம்பு வைத்துக் குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கம்பெனிச் சுவரில் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அன்றைக்குப் பம்பு வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டது. உள்ளே டாக்டர் ஹெப்சி ஒரு கையில் விசிறிக்கொண்டு மறுகையால் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன லைன்தான எக்கா. கொஞ்சம் கேஸைத் திறந்து காத்தைத் தள்ளிவிட்டு மூடிருவோம். எத்தனை வீட்டுல செஞ்சிருக்கேன்" என்றான் இசக்கிராஜா.

அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தான் மாட்டிய முதல் பெட்டி ஓடுவதைப் பார்க்கிற ஆசை வாயைக் கட்டிவிட்டது. வெயிலில் கிடந்த குழாய்க்குள் எறும்பு ஏதும் புகுந்திருக்குமோ என்று மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. கடைசி நட்டை மாட்டுவதற்கு முன்னால் குழாயை உதட்டில் வைத்து, கண்ணை மூடி, ஒரு ஊது ஊதினாள். அந்த மூச்சோடு என்ன போனது என்று அந்த நேரம் அவளுக்கே தெரியாது. ரொம்ப நாளாகத் தொண்டையில் மாட்டிக்கிடந்த மீன்முள் சட்டென்று இறங்கின மாதிரி இருந்தது. அவ்வளவுதான். இசக்கிராஜா கேஸைத் திறந்து, 'புஸ்'ஸென்று கொஞ்சம் வெளியே விட்டு, முடுக்கி மூடினான். பெட்டி ஓடத் தொடங்கியது. அவர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் கம்பெனிக்கு போன் வந்தது, அவுட்டோர் சத்தம் போடுகிறது என்று. இசக்கிராஜா நட்டு போல்ட்டெல்லாம் இறுக்கிப் பார்த்தான், அடியில் ரப்பர் கொடுத்துப் பார்த்தான், பெட்டியின் மேல் காதை வைத்துக் கொஞ்சநேரம் கேட்டான்.

"ஆட்டம் இல்லக்கா. பேரு சொல்லுது" என்றான், வயர் அறுந்திருக்கிறது என்று சொல்கிற அதே குரலில். "சில மிஷினு விசிலடிக்கும். இது பேரு சொல்லுதுபோல. அமலி யாருக்கா?"

ஜெசிந்தா ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியிலிருந்து வந்தது அவளுடைய குரல்தான். வீட்டு வாசலில் நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, தெருக்கோடி வரைக்கும் எட்டுகிற மாதிரி அவள் கூப்பிட்டு வந்த குரல், கூப்பிட்டே நாளாகிப்போன குரல்.

"ஸ்பேனரைக் கீழ போடு, போவோம்" என்றாள்.

டாக்டர் ஹெப்சி ரூமிலிருந்து தலையை நீட்டி, "சத்தம் கெடக்கட்டும், குளிரு வருதுல்லா? அது போதும்" என்றார். இந்தச் சத்தம் வந்த பிறகு ஊசி போடும்போது யாரும் அலறுவதில்லை, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த கூப்பாடு எப்போது வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள், அதனால் எனக்கும் வேலை லேசாகத்தான் இருக்கிறது என்று அவர் கம்பவுண்டரிடம் சொன்னாராம்.

சந்துக்காரர்களுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு யாராவது ஒரு பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குரல் திரும்பிப் போகத் தெரியாமல் அங்கேயே கிடந்து அலையும் என்பது மரியபுஷ்பத்தின் எண்ணம். அதனால் இரண்டாம் நாள் சாயங்காலமே, மாவைத் தட்டிக்கொண்டே, "வாறா வாறா, கை கழுவுதா" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். பெட்டி கொஞ்சநேரம் ஆறுதலாக ஓடியது. மறுபடியும் கூப்பிட்டபோது காதர்மைதீன், "இப்பதாம்மா நூல் வாங்க அனுப்பியிருக்கேன், வந்துருவா" என்றார். அதற்குப் பிறகு சந்தில் போகிற வருகிற எல்லோரும், அவரவர் பிழைப்புக்குத் தகுந்தாற்போல, அமலிக்காக ஒரு பதில் வைத்திருந்தார்கள். டியூசன் முடிந்து வருகிற பிள்ளைகள், "இன்னும் விடல ஆண்ட்டி, பரிச்சை நடக்கு" என்று கத்திக்கொண்டே சைக்கிளில் போனார்கள். உப்பளத்து வேலை முடிந்து வருகிற பெண்கள், "காலுல உப்பு இருக்குல்லா, அலசிட்டு வருவா" என்றார்கள். வலைக்காரர் ஒருவர் தினமும் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "காத்து எதுத்து அடிக்கி தாயி, கரை சேரக் கொஞ்சம் லேட்டாகும்" என்று சொல்லிவிட்டே வீட்டுக்குப் போனார்.

அக்கம்பக்கத்து அமலிகளும் வந்தார்கள். பள்ளிக்கூடத்து அமலி ஒருத்தி முதல் நாள் மூச்சிரைக்க ஓடிவந்து, "என்ன?" என்று பெட்டியைக் கேட்டாள். பதில் வராததால் ஒரு வடை வாங்கித் தின்றுவிட்டுப் போனாள், மறுநாளும் வந்தாள். பாங்கியில் வேலைபார்க்கிற அமலி ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றி, "நான் இங்கதான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள், அவளை அப்படிக் கூப்பிட வீட்டில் யாரும் இல்லையாம். காது மந்தமான கிழவி அமலி ஒருத்திக்கு உலகத்தில் எந்தச் சத்தமும் கேட்பதில்லை, இது மட்டும் கேட்டது. ஸ்டூலைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும், "ஏன் சாவுத, வாறேன்" என்று சந்தோஷமாக வைதாள். காதர்மைதீன், "மூணு அமலியில ஒண்ணுகூட அந்த அமலி இல்லையே" என்றார். "வந்தவளுவள வெரட்டவா முடியும்" என்றாள் மரியபுஷ்பம். கோயில் ஃபாதர் ஒருநாள் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். கேட்டுவிட்டுப் போய், சாயங்கால மணியைக் கொஞ்சம் தாமதித்து அடிக்கச் சொன்னார். அந்தத் தாயார் கூப்பிட்டு முடிக்கட்டும் என்றாராம்.

அந்தத் தாயார் யார் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருக்க அந்தச் சந்து நன்றாகப் பழகியிருந்தது. ஜெசிந்தா தினமும் வேலை முடிந்து சீருடையோடு வந்து சந்தின் திருப்பத்தில் நிற்பாள். யாரும் அவளைப் பார்த்து வா என்றோ போ என்றோ சொல்வதில்லை. தன் வாய்க்குத் தடைபோட்ட பெயரை ஊரறிய, வானமறிய ஒரு குரல் சொல்வதைக் கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த அதே நேரத்தில் அது காலியாகவும் ஆனது, ஏனென்றால் இத்தனை பேர் பதில் சொல்கிறார்கள், பதில் சொல்ல வேண்டியவள் எங்கோ சூலூர் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டின் நம்பர் ஜெசிந்தாவின் போனில் இருந்தது. ஒருமுறை மிஸ்டு கால் வந்ததை, 'கேஸ் கம்பெனி' என்று பெயர் போட்டுச் சேர்த்து வைத்திருந்தாள். திரும்பக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் முதலில் பெயரைத்தானே சொல்ல வேண்டும்.

ஒருநாள் மரியபுஷ்பம் வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒன் புருசனும் வாராவ."

"எங்க?"

"இங்கதான். படகு கரைக்கு வந்ததும். அந்த கரண்ட் கம்பத்துக்கிட்ட. பீடியப் பத்தவைக்காமலே வாயில வச்சிக்கிட்டு நிப்பாவ. நீ வாறதுக்கு முன்ன போயிருவாவ."

"பதிலு ஏதும் சொல்லுவாவளா?"

"ம்ஹூம். எல்லாரும் பதிலு சொல்லுத நேரம் பாத்து மூக்கச் சிந்துவாவ."

அன்றைக்கு ஜெசிந்தா தொபியாஸுக்குச் சோறு போடும்போது அவர் சட்டையில் வடை எண்ணெயின் வாடையைப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கறித்துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, சோற்றோடு சேர்த்துப் பிசைந்துகொண்டார்.

கத்திரி வெயில் பிறந்ததும் பெட்டியின் குரல் கம்மத் தொடங்கியது. முதலில் 'லீ' என்கிற இழுப்பு குறைந்தது, பிறகு தொடக்கமே கரகரத்தது, நாள் முழுக்கக் கூப்பிட்டுத் தொண்டை கட்டினவள்போல அது இருமி இருமி ஓடியது. உள்ளே குளிர் நின்றுவிட்டது. டாக்டர் ஹெப்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குள்ள சரி பண்ணலன்னா வேற கம்பெனியக் கூப்பிடுவேன். பழகுற ஆள வச்சு என் ஏசியக் கெடுத்திட்டாங்கன்னு உங்க ஆபீசுலயும் சொல்லுவேன்" என்றார். அவர் சொன்னால் ஜெசிந்தா வேலை பழகுவது அதோடு முடிந்தது, மறுபடி இறால் கம்பெனியின் ஐஸ் தண்ணீர்தான்.

இசக்கிராஜா அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டினான். முள் நிலைகொள்ளாமல் மேலே மேலே துடித்தது.

"லைனுக்குள்ள காத்து கெடக்குக்கா. அதைச் சுமந்துக்கிட்டுதான் இம்புட்டு நாளா ஓடியிருக்கு. இப்படியே விட்டா கம்ப்ரசர் எரிஞ்சிரும்." தலையைச் சொறிந்தான். "அன்னைக்கு வேக்கம் போடாம விட்டேன்லா."

"நான் ஊதுனேன்" என்றாள் ஜெசிந்தா.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதைப்பற்றி ஒரு கேலிகூடச் சொல்லவில்லை. அதற்குள் சந்து கூடிவிட்டது.

"டாக்டரம்மாவுக்கு நாங்க எல்லாருமாச் சேந்து ஒரு பெரிய ஃபேன் வாங்கிக் குடுக்கோம். இதைத் தொடாதிய" என்றார் காதர்மைதீன்.

"தொண்டை கெட்டுப்போச்சு, ஒரு சுக்குத் தண்ணி வச்சிக் குடுக்க முடியுமான்னா அதுவும் முடியாது" என்றாள் மரியபுஷ்பம். கிழவி அமலி ஸ்டூலை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இசக்கிராஜா ஜெசிந்தாவின் பக்கம் குனிந்து, "உங்க யூனிட்டு, நீங்க சொல்லுங்க. பம்பு போட்டா உள்ள இருக்குறது அத்தனையும் போயிரும். வேண்டாம்னா சொல்லுங்க, சாமான் கிடைக்கலன்னு சொல்லி ஆபீசுல இழுத்தடிக்கேன். எரியுத வரைக்கும் ஓடட்டும்" என்றான்.

ஜெசிந்தா பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தாள். ஐஸில் மரத்த விரல்களுக்கே சுட்டது. காய்ச்சல்கண்ட பிள்ளையின் வயிறு அப்படித்தான் சுடும். உள்ளே அவளுடைய குரல் கரகரத்து, விட்டுவிட்டு, யாரும் வராவிட்டாலும் கூப்பிடுவதை விடத் தெரியாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தான் சொல்ல வேண்டியதை இந்த இரும்பின் தலையில் ஏற்றிவிட்டுத் திருப்பத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு இருந்தது.

"எரிய விடப்படாது" என்றாள். "நாளைக்கு வெள்ளனத்துல பம்பைச் சொல்லி வையி. சாயங்காலம் டாக்டரம்மா வாறதுக்குள்ள முடிச்சிருவோம்."

வீட்டில், தொபியாஸ் சாப்பிட உட்கார்ந்ததும், தட்டின் ஓசையை நம்பாமல் அவள் வாயைத் திறந்து சொன்னாள்: "நாளைக்கு அந்த ஏசிக்கு வேக்கம் போடுதோம்."

எந்த ஏசி என்று அவர் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "போட்டா?"

"உள்ள இருக்குற காத்து போயிரும்."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார்.

மறுநாள் மதியத்துக்குப் பிறகு வேலை தொடங்கியது. பழைய கேஸை முதலில் ஒரு சிலிண்டருக்குள் இழுத்து மூடினார்கள். கேஸ் முழுக்கப் போன பிறகும் குழாய்க்குள் ஏதோ ஒன்று செம்பின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு கிடப்பதை ஜெசிந்தாவின் விரல் உணர்ந்தது. பம்பை அவளே மாட்டினாள். வேக்கம் ஏற ஏற, குழாய்க்குள் இருக்கிற ஈரம் நெருப்பில்லாமலே கொதித்து ஆவியாகப் போகும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு ஊதின மூச்சின் ஈரம் இப்போது உள்ளே கொதிக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் சுவிட்சைப் போட்டாள்.

பம்பு உறுமியது. அதன் வாயிலிருந்து மெல்லிய புகையோடு குரல் வந்தது, கரகரப்பெல்லாம் போய், முதல்நாள் வந்ததைவிடத் தெளிவாக, நிறுத்தாமல், ஒரே மூச்சாக. சந்தில் இருந்தவர்கள் பதில் சொல்வதை மறந்து எழுந்து நின்றார்கள். காதர்மைதீன் மிஷினிலிருந்து காலை எடுத்தார். குரல் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே போனது, கோயில் கோபுரத்தைத் தாண்டியது, மாலைக்காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம், உப்பளங்களுக்கு மேலே மேற்கே போனது, மெலிந்தது, பிறகு பம்பின் வெறும் உறுமல் மட்டும் இருந்தது. கேஜின் முள் கீழே இறங்கி அடியில் ஒட்டிக்கொண்டது. ஜெசிந்தா வால்வை மூடிப் பம்பை நிறுத்தினாள்.

"இப்ப சும்மா நிக்கணும்" என்று இசக்கிராஜா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். "முள்ளு மேல வருதான்னு பாக்கணும். வரலன்னா லைனு சுத்தம்."

எல்லோரும் சும்மா நின்றார்கள். சந்தில் அவ்வளவு அமைதி அதற்கு முன்னால் இருந்ததில்லை. அது வழக்கமாகக் குரல் கிளம்புகிற நேரம். சைக்கிள் பிள்ளைகள் பதிலை வாயில் வைத்துக்கொண்டு காலை ஊன்றி நின்றார்கள், வலைக்காரர் சட்டையைத் தோளில் போட்டபடி நின்றார், ஸ்கூட்டர் அமலி ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தாள், கிழவி அமலி அங்குமிங்கும் முகத்தைத் திருப்பி எதையோ தேடினாள். முள் அசையவில்லை. ஜெசிந்தா வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

அப்போது கரண்ட் கம்பத்தின் பக்கத்திலிருந்து, டீசல் புகையிலும் கடற்காற்றிலும் பழுத்த ஒரு ஆம்பளைக் குரல், கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் எங்கே உயர்த்துவது எங்கே இழுப்பது என்று தெரியாமல், படகில் கயிறு கேட்கிற மாதிரி, "ஏட்டி அமலி" என்றது.

பழக்கதோஷத்தில் சந்து முழுவதும் ஒரே வாயாகச் சொன்னது: "இந்தா வாறா."

தொபியாஸ் பற்றவைக்காத பீடியை வாயிலிருந்து எடுத்துக் காதில் செருகிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மரியபுஷ்பம் அடுப்பைத் தூண்டப் போனாள், காதர்மைதீன் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கி, வழக்கத்தைவிட அதிகநேரம் கோத்துக்கொண்டிருந்தார்.

புதுக் கேஸை விட்டார்கள். பெட்டி ஓடியது, மற்ற எல்லாப் பெட்டிகளும் ஓடுகிற மாதிரி, ஒரு பெயரும் சொல்லாமல். உள்ளே டாக்டர் ஹெப்சி, "அப்பாடா" என்றார். இசக்கிராஜா ஹோஸ்களைச் சுருட்டி, ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "பில்டரு மட்டும் கழுவி மாட்டிட்டு வந்துருங்கக்கா" என்று சொல்லிவிட்டு முன்னால் போனான். வழக்கமான பாட்டு அன்றைக்கு வரவில்லை.

ஜெசிந்தா உள்ளேயிருந்து பில்டர் வலைகளைக் கழற்றிக்கொண்டு வந்து சந்துக் குழாயடியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அந்த ரூமில் வாய்திறந்து கிடந்தவர்களின் பெருமூச்சுத் தூசியெல்லாம் அதில் அப்பியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்து ஒரு மூலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். தொபியாஸ் வந்து பக்கத்தில் நின்றார். தண்ணீர் ஓடுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெசி."

"ம்."

"அந்த கேஸ் கம்பெனிக்கு ஒரு போனு போடேன்."

அவள் கை நின்றது. "வீட்டுல கேஸ் இருக்கே" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"இருக்கட்டும். போடு."

ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள், போதாமல் மறுபடியும் துடைத்தாள், போனை எடுத்து அந்தப் பெயரைத் தேடி அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. தொபியாஸ் குனிந்து குழாயைக் கொஞ்சம் திருகித் தண்ணீரின் சத்தத்தைக் குறைத்தார். போன் எடுக்கப்பட்டது. எங்கோ ஒரு குக்கர் விசில் கேட்டது, ஒரு கதவு சாத்தப்பட்டது, பிறகு அமலி ரொம்பச் சாதாரணமாக, நேற்றும் முந்தாநாளும் பேசினவளைப்போல, கொஞ்சம் கோபமாகக்கூட, கேட்டாள்.

"எம்மா, இன்னைக்கு ஏன் கூப்பிடல? உலைய வச்சிட்டு வாசலுல வந்து எவ்வளவு நேரமா நிக்கேன்."

ஜெசிந்தா போனைக் காதோடு இன்னும் இறுக்கினாள்.

"அப்பா கூப்பிட்டாவட்டி" என்றாள். "ஒனக்குக் கேக்கலயா, அமலி?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை வந்தது. தொபியாஸ் சந்தின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "இருக்கேன், நீ சொல்லு, நான் இங்கதான் இருக்கேன்" என்று ஜெசிந்தா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குழாயைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து பில்டரைத் தேய்க்கத் தொடங்கினாள்.